ரூனி விதி: நேர்காணலுக்குக் கூப்பிட்டால் மட்டும் போதுமா?

பிட்ஸ்பர்க்காரன்:

நேற்று ஆட்ட இழையில் பாதிப் பேர் ஸ்கோரை விட்டுவிட்டு சிறுபான்மையினப் பயிற்சியாளர்களுக்கான ரூனி விதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், அதனால் தனியாக ஒரு இழை. அமெரிக்கக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களும் இங்கே இருப்பதால் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். ஆடுகிறவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் என்று பார்த்தால், 1921ல் அக்ரன் அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார் ஃபிரிட்ஸ் பொல்லார்ட். 1920களில் அவர் போனதற்கப்புறம் 1989ல் ரெய்டர்ஸ் அணி ஆர்ட் ஷெல்லை நியமிக்கும் வரை ஒரு கறுப்பினத்தவர்கூட அந்த இடத்துக்கு வரவில்லை. 2002 ஜனவரியில் கறுப்பினப் பயிற்சியாளர் டோனி டஞ்சியை டாம்பா பே அணி நீக்கியது, அவர் தொடர்ந்து மூன்று சீசன் அணியை பிளேஆஃபுக்குக் கொண்டுபோயிருந்தார். அதே மாதம் இன்னொரு கறுப்பினப் பயிற்சியாளர் டென்னிஸ் கிரீனும் மின்னசோட்டாவிலிருந்து போனார். பத்து சீசனில் எட்டு முறை பிளேஆஃப், முதல்முறையாகத் தோல்விகள் அதிகமான சீசன் அது, அத்தோடு சரி.

அந்த வருடமே வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மெஹ்ரியும் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். கணக்குப் போட்டுக்கொடுத்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேனிஸ் மேடன். கறுப்பினப் பயிற்சியாளர்கள் வெள்ளையினப் பயிற்சியாளர்களைவிட ஒரு சீசனுக்குச் சராசரியாக 1.1 வெற்றி அதிகம் எடுத்திருந்தார்கள், ஆனாலும் வேலைக்கு எடுக்கும்போது கடைசி, நீக்கும்போது முதல். வழக்குப் போடுவோம் என்றதும் லீக் ஒரு குழு அமைத்தது. தலைவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் உரிமையாளர் டேன் ரூனி. 2002 டிசம்பரில் விதி வந்தது: தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்யவேண்டும். எடுக்கவேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

என் கட்சி இதுதான்: விதி இருக்கவேண்டும். இல்லையென்றால் உரிமையாளர் தனக்குத் தெரிந்த நாலு பேருக்குப் போன் போட்டு வேலையை முடித்துவிடுவார். 2007ல் ஸ்டீலர்ஸ் மைக் டாம்லினை எடுத்தபோது அவருக்கு வயது 34, கோஆர்டினேட்டராக (தாக்குதல் அல்லது தடுப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பான உதவிப் பயிற்சியாளராக) ஒரே ஒரு சீசன்தான் அனுபவம். உள்ளேயே கென் விசன்ஹன்ட், ரஸ் கிரிம் என்று இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். டாம்லின் உள்ளே போய்ப் பேசினார், வேலை கிடைத்தது. இரண்டே வருடத்தில் சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிப்போட்டியில் வெற்றி, எதிரணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே விசன்ஹன்ட்.

மூன்றாம்டவுன்:

டாம்லின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள் அண்ணா, ஆனால் அதில் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். டாம்லினைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்டீலர்ஸ் சிறுபான்மையினரான ரான் ரிவேராவை நேர்காணல் செய்திருந்தது. விதிக்கான கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. டாம்லினை விதிக்காகக் கூப்பிடவில்லை, நிஜமாகவே பார்க்க நினைத்துக் கூப்பிட்டார்கள். ரூனி குடும்பம் திறந்த மனதோடு இருந்தது, அதனால் நடந்தது. மனது இல்லாத இடத்தில் விதி என்ன செய்யும்?

என்ன செய்யும் என்பதற்கு 2022 ஜனவரியைப் பாருங்கள். கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் பிரையன் ஃப்ளோரஸை மயாமி அணி நீக்கியிருந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை வியாழக்கிழமை, 27ஆம் தேதி, நேர்காணலுக்கு வரச்சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை அவர் போனுக்கு, அப்போது நியூ இங்கிலாந்து அணியின் பயிற்சியாளராக இருந்த பில் பெலிசிக்கிடமிருந்து செய்தி வருகிறது, வேலை கிடைத்துவிட்டது போல, வாழ்த்துகள் என்று. ஃப்ளோரஸ் குழம்பிப்போய், எனக்கு வியாழக்கிழமைதானே நேர்காணல், எனக்குத் தெரியாதது ஏதாவது உங்கள் காதுக்கு வந்ததா என்று கேட்கிறார். பெலிசிக், ஆமாம், உன்னைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன் என்கிறார். அப்போதுதான் ஃப்ளோரஸுக்குச் சந்தேகம். நீங்கள் பேசுவது பிரையன் ஃப்ளோரஸிடமா, பிரையன் டபோலிடமா என்று கேட்கிறார். பதிலில் மன்னிப்பு வருகிறது, ஆள் மாறிப்போச்சு, டபோலைத்தான் எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன் என்று.

மூன்று நாள் கழித்து அந்த மனிதர் கோட் மாட்டிக்கொண்டு அந்த நேர்காணலுக்குப் போனார். மணிக்கணக்கில் உட்கார்ந்து, அணியை எப்படிக் கட்டுவேன், யாரை உதவியாளராக எடுப்பேன் என்று விளக்கினார். இந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஜயன்ட்ஸ் கடைசிவரை திறந்த மனதோடுதான் இருந்தோம் என்று மறுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலை வெள்ளையரான டபோலுக்குத்தான் போனது.

நேர்வழி:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். ஜெயிக்கிற பயிற்சியாளர் வேண்டும் என்றுதான் எல்லா உரிமையாளரும் நினைப்பார். கோடிக்கணக்கில் பணம் போட்டவர் திறமையை எதற்கு ஒதுக்கப்போகிறார்? நிறம் பார்த்து இடஒதுக்கீடு கொடுத்தால் வருகிறவருக்கும் அது அவமானம்தானே.

பிட்ஸ்பர்க்காரன்:

இடஒதுக்கீடு வேறு, இது வேறு சார். தமிழ்நாட்டின் 69 சதவீதம் இடத்தையே ஒதுக்குகிறது. ரூனி விதியில் ஒரு இடம்கூட ஒதுக்கவில்லை, ஒரு மதியம் உட்கார்ந்து பேசுங்கள் என்கிறது, அவ்வளவுதான்.

திறமையைத்தான் பார்ப்பார்கள் என்றால், மேடன் போட்ட கணக்குக்கு என்ன பதில்? அதிகம் ஜெயித்தவர்களுக்கு வாய்ப்பு குறைவாக இருந்தது என்பதுதானே அந்த அறிக்கையின் சாரமே. உரிமையாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியாளரை எடுப்பது ஓட்டப்பந்தயம் மாதிரி நேரம் பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை, நம்பிக்கையை வைத்துச் செய்வது. யாரை நம்புவோம்? பழகியவர்களை. அவர்களுடைய பிள்ளைகளை, சிஷ்யர்களை.

எண்ணிக்கை:

உணர்ச்சி கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும், தலைகளை எண்ணிப் பார்ப்போம்.

2002 சீசனில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் இரண்டு பேர், டஞ்சி, ஹெர்ம் எட்வர்ட்ஸ். 2003ல் மார்வின் லூயிஸ் சேர்ந்து மூன்று. 2006ல் ஏழு. அந்த சீசனின் சூப்பர் பவுலில் இரண்டு பக்கமும் கறுப்பினத்தவர், டஞ்சியும் லோவி ஸ்மித்தும். விதி வந்து நாலு வருடத்தில் இது நடந்தது, யாராலும் மறுக்கமுடியாது.

அப்புறம்தான் சறுக்கல். 2012 சீசன் முடிந்து எட்டு தலைமைப் பயிற்சியாளர் இடங்கள் காலியாகின, எட்டிலும் ஒரு சிறுபான்மையினர்கூட இல்லை. 2022 ஜனவரியில் ஃப்ளோரஸும் ஹூஸ்டனின் டேவிட் கல்லியும் போனபிறகு 32 அணிகளுக்கும் சேர்த்து டாம்லின் ஒருவர்தான் கறுப்பினத்தவர். அப்புறம் 2024 தொடங்கும்போது சிறுபான்மையினர் ஒன்பது பேர், அதுவரை அதுதான் உச்சம். அடுத்த சீசனுக்குள் ஜெராட் மேயோ, அன்டோனியோ பியர்ஸ், ராபர்ட் சாலே மூன்று பேரும் போய்விட்டார்கள்.

விதி அப்படியேதான் இருந்தது, சொல்லப்போனால் இறுகிக்கொண்டே போனது. எண்ணிக்கை மட்டும் ஏறி இறங்குகிறது. ஒரு வருடத்தில் காலியாவதே ஏழெட்டு இடம், அதில் இரண்டு இப்படியோ அப்படியோ போனாலே படம் மாறிவிடும். அதனால் விதி ஜெயித்தது என்று சொல்கிறவர் 2006ஐக் காட்டுவார், தோற்றது என்பவர் 2022ஐக் காட்டுவார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஆரம்பத்தில் ஒரு தள்ளு கொடுத்தது, பிறகு அணிகள் அதோடு வாழப் பழகிக்கொண்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்சிவாசி:

பழகிக்கொண்டன என்பது சரியான வார்த்தை. நான் இங்கே ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருக்கும் ஒருவருக்குத்தான் பதவி என்று மேலாளர் முடிவெடுத்த பிறகும், வெளியாட்களையும் பார்க்கவேண்டும் என்பது எங்கள் நடைமுறை. அப்படி வருகிறவரிடம் கேள்வியெல்லாம் மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் எப்போது சேர முடியும், குடும்பத்தை இந்த ஊருக்கு மாற்றமுடியுமா, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், இதெல்லாம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நிஜமாக எடுக்கப்போகிறவரிடம் முதலில் கேட்பதே அதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். புரிந்த பிறகும் சிரித்த முகத்தோடு மிச்ச நேரத்தை ஓட்டுவார்.

அப்படி வந்த ஒரு பெண்ணை, குழுவிலிருந்த இன்னொரு மேலாளர் மனதில் வைத்திருந்து சில மாதம் கழித்துத் தன் அணிக்கு எடுத்தார். அதையும் சொல்லவேண்டும். பொய்யாக நடத்திய நேர்காணலிலும் ஒருவர் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு அவர் கொடுக்கிற விலை அதிகம்.

மூன்றாம்டவுன்:

அந்த விலையைக் கொடுக்க மாட்டோம் என்று முதல் வருடமே சிலர் சொல்லிப் பார்த்தார்கள். 2003ல் டெட்ராய்ட் லயன்ஸ் ஸ்டீவ் மரியூச்சியைத்தான் எடுக்கப்போகிறது என்பது ஊருக்கே தெரியும். விதிக்காகக் கறுப்பினப் பயிற்சியாளர்களைக் கூப்பிட்டார்கள், முடிவான இடத்துக்கு நாங்கள் எதற்கு என்று அவர்கள் வர மறுத்துவிட்டார்கள். அணியின் நிர்வாகத் தலைவர் மேட் மில்லனுக்கு லீக் இரண்டு லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2018ல் ரெய்டர்ஸ் ஜான் குரூடனைப் பத்து வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தபோதும் அதே புகார் வந்தது, லீக் விசாரித்துவிட்டு மீறல் இல்லை என்றது. குரூடனுக்குப் பேசிய தொகை பத்துக் கோடி டாலர் என்று செய்தி. இரண்டு லட்சம் அபராதம் இந்த மாதிரி உரிமையாளருக்கு எம்மாத்திரம்?

டென்னசியில் நடந்தது இன்னும் மோசம். 2016ல் டைட்டன்ஸ் மைக் முலார்க்கியை எடுத்தது, கறுப்பினத்தவரான ரே ஹார்ட்டனும் அந்த வேலைக்கு நேர்காணலுக்குப் போயிருந்தார். நாலு வருடம் கழித்து முலார்க்கியே ஒரு பாட்காஸ்டில் சொல்கிறார், நேர்காணல்கள் முடிவதற்கு முன்பே வேலை உனக்குத்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள், அதற்கு உடன்பட்டதை நினைத்து வருத்தப்படுகிறேன் என்று. வேலை கிடைத்தவரே சொல்லும்போது இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

எண்ணிக்கை:

லீக் சும்மாவும் இல்லை. 2020ல் தலைமைப் பயிற்சியாளர் இடத்துக்குச் சிறுபான்மையினர் ஒருவரைப் பார்க்கவேண்டும் என்பதை வெளியிலிருந்து இரண்டு பேர் ஆக்கினார்கள், கோஆர்டினேட்டர் இடத்துக்கும் விதி வந்தது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் எழுதியது நினைவிருக்கலாம்: கடைசிச் சுற்றில் ஒரே ஒரு பெண்ணோ ஒரே ஒரு சிறுபான்மையினரோ இருந்தால் அவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், இரண்டு பேர் இருந்தால் நிலைமை வெகுவாக மாறுகிறது. தனியாக இருப்பவரைக் குழு வித்தியாசமானவராகவே பார்க்கிறது.

பிட்ஸ்பர்க்காரன்:

ஆமாம், அந்த இரண்டு பேரையும் எப்படி நிரப்புகிறார்கள் என்று 2025ல் பார்த்தோமே. நியூ இங்கிலாந்து ஜெராட் மேயோவை ஒரே சீசனில் நீக்கியது. ஒரே வாரத்தில் மைக் வ்ரேபலை அறிவித்தது. நடுவில் நேர்காணலுக்கு வந்த சிறுபான்மையினர் பைரன் லெஃப்ட்விச், பெப் ஹாமில்டன். இரண்டு பேருக்கும் அந்த சீசனில் என்எஃப்எல்லில் வேலை இல்லை.

ஏன் அவர்கள் என்று யோசித்தால் ஒரு நுணுக்கம் தெரியும். இன்னொரு அணியில் வேலை செய்கிற பயிற்சியாளரை நேரில் பார்க்கவேண்டுமென்றால் பிளேஆஃபின் இரண்டாம் சுற்று முடியும் வரை காத்திருக்கவேண்டும் என்பது லீக்கின் இன்னொரு விதி. அவசரப்படாமல் நிறையப் பேரைப் பாருங்கள் என்ற நல்ல நோக்கத்தில் கொண்டுவந்தது. ஆனால் வேலையில் இல்லாதவரை உடனே கூப்பிடலாம். வ்ரேபலும் அப்போது எந்த அணியிலும் பயிற்சியாளராக இல்லை. அதனால் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டு ஒரு வாரத்தில் முடிக்க முடிந்தது. ஒரு விதியும் மீறப்படவில்லை, அதுதான் பிரச்சினையே.

நேர்வழி:

சரி, நேர்காணலில் ஏமாற்று நடக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் விதியை எடுத்துவிடலாமே? கூடைப்பந்தில் இப்படி ஒரு கட்டாயமே இல்லை. 1966லேயே பாஸ்டன் பில் ரசலைப் பயிற்சியாளர் ஆக்கியது. இன்று என்பிஏவில் கறுப்பினப் பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர்.

எண்ணிக்கை:

நல்ல கேள்வி, ஆனால் பதில் நீங்கள் நினைக்கிற பக்கம் போகாது. என்பிஏவில் ஆடியவர் நேராக உதவிப் பயிற்சியாளர் வரிசைக்கு வந்து மேலே போகிறார். என்எஃப்எல்லில் வழி வேறு. இப்போது எல்லா உரிமையாளரும் தேடுவது தாக்குதல் ஆட்டத்தை வடிவமைக்கும் ஆளை, அதாவது குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) பயிற்சியாளராக இருந்து ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஆனவரை. 2017ல் ராம்ஸ் 30 வயது ஷான் மெக்வேயை எடுத்து ஜெயித்த பிறகு அது மோகமாகவே ஆகிவிட்டது. கறுப்பினப் பயிற்சியாளர்களை எங்கே வைத்திருக்கிறார்கள்? ரன்னிங் பேக், டிஃபென்சிவ் பேக், ரிசீவர் என்று மற்ற இடங்களில் ஆடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க. குவார்ட்டர்பேக் அறைக்குள் வருகிறவர்கள் குறைவு. அந்த அறைக்குள் வராதவரை கடைசி நேர்காணலுக்குக் கூப்பிட்டு என்ன பயன்?

மூன்றாம்டவுன்:

வந்தவருக்கும் என்ன கிடைத்தது? கறுப்பினத்தவரான எரிக் பியனமி. கேன்சஸ் சிட்டியில் ஐந்து சீசன் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர், இரண்டு சூப்பர் பவுல். பத்துக்கும் மேற்பட்ட அணிகள் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு அவரை நேர்காணல் செய்தன. ஒருவரும் எடுக்கவில்லை. ஆட்டத்தில் பிளே கூப்பிடுவது, அதாவது அடுத்த நகர்வை முடிவு செய்வது, தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட், பியனமி இல்லையே என்றார்கள். அதே நாற்காலியில் அவருக்கு முன்னால் இருந்த வெள்ளையர்கள் டக் பீட்டர்சனுக்கும் மேட் நேகிக்கும் மேலே ரீட்தானே இருந்தார்? பீட்டர்சனை 2016ல் ஃபிலடெல்ஃபியாவும் நேகியை 2018ல் சிகாகோவும் கொத்திக்கொண்டு போயின.

நீக்கும் பக்கத்தை இந்த விதி தொடவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். ஸ்டீவ் வில்க்ஸுக்கு அரிசோனாவில் ஒரே சீசன். அவருக்குப் பதில் வந்த கிளிஃப் கிங்ஸ்பரி, டெக்சஸ் டெக் கல்லூரியில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்று நீக்கப்பட்டவர். ஹூஸ்டனில் கல்லிக்கு ஒரு சீசன், லோவி ஸ்மித்துக்கு ஒரு சீசன். ஜிம் கால்ட்வெல் டெட்ராய்ட்டில் 36 வெற்றி, 28 தோல்வி, கடைசி சீசனில் 9-7, அப்படியும் அனுப்பிவிட்டார்கள். ஓட்டைக் கப்பலைக் கையில் கொடுப்பது, மூழ்கியதும் மாலுமியைக் குறை சொல்வது.

ஜெர்சிவாசி:

ஹூஸ்டன் கதையை முழுதாகச் சொல்லுங்கள் தம்பி. மூன்றாவதாக அவர்கள் எடுத்தது டிமேகோ ரையன்ஸ், அவரும் கறுப்பினத்தவர்தான். அவருக்கு நல்ல குவார்ட்டர்பேக்கும் ஆறு வருட ஒப்பந்தமும் கொடுத்தார்கள், முதல் சீசனிலேயே பிரிவில் முதலிடம். அணியைச் சரியான நிலையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

கன்னர்ரசிகை:

லண்டனிலிருந்து எழுதுகிறேன், எங்கள் பக்கத்துக் கால்பந்தைச் சொல்கிறேன். இங்கே இஎஃப்எல், அதாவது பிரீமியர் லீகுக்குக் கீழே உள்ள மூன்று டிவிஷன்கள், 2016ல் சில கிளப்புகளில் சோதித்துவிட்டு 2018ல் இதே மாதிரி விதியைக் கொண்டுவந்தது. ஆனால் கிளப் முறையாகத் தேர்வு நடத்தி ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தால்தான் அது பொருந்தும். ஒரே ஆளோடு பேசி முடித்துவிட்டால் விதிக்கு வேலையே இல்லை. இங்கே மேனேஜரை, அதாவது பயிற்சியாளரை, சீசன் நடுவிலேயே அனுப்பிவிட்டு நாலைந்து நாளில் அடுத்தவரை அறிவிப்பது சர்வசாதாரணம், ஏஜென்ட் மூலமாகப் பாதி பேச்சு முன்பே முடிந்திருக்கும். அதனால் அமெரிக்காவில் நீங்கள் பொய் நேர்காணல் என்று திட்டுகிறீர்கள், இங்கே பல இடங்களில் நேர்காணலே கிடையாது. 2008ல் பால் இன்ஸ் பிளாக்பர்னுக்கு வந்தபோது பிரீமியர் லீகில் முதல் கறுப்பின ஆங்கில மேனேஜர் என்று எவ்வளவு பேசினார்கள், அந்த டிசம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள்.

பிட்ஸ்பர்க்காரன்:

அந்த ஓட்டை இங்கேயும் வேறு உருவத்தில் இருக்கிறது. இடைக்காலப் பயிற்சியாளருக்கு ரூனி விதி பொருந்தாது. 2022 நவம்பரில் இண்டியனாபொலிஸ் ஃபிராங்க் ரைக்கை நீக்கிவிட்டு, கல்லூரியிலோ என்எஃப்எல்லிலோ ஒருநாள்கூடப் பயிற்சியாளராக இல்லாத ஜெஃப் சாட்டர்டேவைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. அனுபவம் போதாது என்று எத்தனை கறுப்பின உதவிப் பயிற்சியாளர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்! அவர்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்?

நேர்வழி:

பயிற்சியாளரை வளர்த்துக் கொடுக்கிற அணிக்குப் பரிசு கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறதே, அது எப்படி? தண்டனையைவிட அது வேலை செய்யும் என்று எனக்குப் படுகிறது.

எண்ணிக்கை:

2020 நவம்பரில் வந்தது. சிறுபான்மைப் பயிற்சியாளரையோ நிர்வாகியையோ வளர்த்து, அவர் இன்னொரு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகவோ ஜெனரல் மேனேஜராகவோ போனால், வளர்த்த அணிக்கு அடுத்த இரண்டு டிராஃப்டிலும் (புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர நிகழ்வு) மூன்றாம் சுற்றில் கூடுதலாக ஒரு தேர்வு. சான் ஃபிரான்சிஸ்கோ சாலேவை ஜெட்ஸுக்கு அனுப்பியதில் லாபம் பார்த்தது. வளர்க்கிற அணிக்குப் பலன் கிடைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எடுக்கிற உரிமையாளரின் மனதை அது மாற்றாது, பரிசு அவருக்கு இல்லையே.

மூன்றாம்டவுன்:

எடுக்கிறவரை அசைக்கப்போவது நீதிமன்றம்தான். ஃப்ளோரஸ் 2022 பிப்ரவரி 1ஆம் தேதி லீக்கின்மீதும் மயாமி, ஜயன்ட்ஸ், டென்வர் அணிகளின்மீதும் வழக்குப் போட்டார். வில்க்ஸும் ஹார்ட்டனும் சேர்ந்துகொண்டார்கள். லீக் இதை மத்தியஸ்தத்துக்கு அனுப்பப் பார்த்தது, மத்தியஸ்தர் யார் என்றால் லீக்கின் கமிஷனர். 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. இனி பொதுவில் விசாரணை நடந்தால் அணிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களைக் கேட்கலாம். எப்போது முடிவெடுத்தார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

பிட்ஸ்பர்க்காரன்:

வழக்கு நடக்கட்டும், முழு ஆதரவு. ஆனால் தம்பி, நீங்கள் விதியை எடுத்துவிடச் சொல்லவில்லைதானே? ஃப்ளோரஸ் நீதிமன்றம் போக முடிந்ததே அந்த நேர்காணல் நடத்தியாகவேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால்தான். இல்லையென்றால் அவரைக் கூப்பிட்டே இருக்கமாட்டார்கள், கேட்கவும் ஒன்றும் இருந்திருக்காது.

மூன்றாம்டவுன்:

எடுக்கச் சொல்லவில்லை அண்ணா. அதை வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று லீக் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். அபராதம் டாலரில் வேண்டாம், டிராஃப்ட் தேர்வைப் பிடுங்குங்கள். வேறு அணிகளின் ஒப்பந்தத்தில் இருந்த டாம் பிரேடியோடும் ஷான் பேட்டனோடும் திருட்டுத்தனமாகப் பேசியதற்காக மயாமியின் முதல் சுற்றுத் தேர்வை 2022ல் எடுத்தார்களே, அது உரிமையாளருக்கு உறைத்தது. அதே தண்டனையைப் பொய் நேர்காணலுக்கும் போடட்டும்.

எண்ணிக்கை:

நான் கவனிக்கப்போவது வேறு ஒன்றை. 2022லிருந்து ஒவ்வொரு அணியும் தாக்குதல் பக்கத்தில் சிறுபான்மையினர் ஒருவரையோ ஒரு பெண்ணையோ உதவிப் பயிற்சியாளராக வைத்திருக்கவேண்டும். இது நேர்காணல் இல்லை, நிஜ வேலை, நிஜ சம்பளம், தலைமைப் பயிற்சியாளரோடு தினமும் உட்காருகிற இடம். அப்படி உள்ளே வந்தவர்கள் இப்போதுதான் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் நிலைக்கு வரவேண்டிய வயதில் இருக்கிறார்கள். அடுத்த இரண்டு மூன்று சீசனில் அவர்களில் எத்தனை பேருக்கு பிளே கூப்பிடும் பொறுப்பைத் தருகிறார்கள் என்று அணி அணியாகப் பட்டியல் போட்டு இங்கேயே பதிவிடுகிறேன்.